பழைய டிவிஆரை மாற்றலாமா, வேண்டாமா: உயர் தெளிவுப் பதிவுக் கருவி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் கண்காணிப்புக் கேமரா இல்லாத தெருவை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சில ஆண்டுகளில், மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் முன்னெடுத்த முயற்சியை ஒட்டி, குடியிருப்போர் நலச் சங்கங்களும் கடைக்காரர்களும் தங்கள் சொந்தச் செலவில் கேமராக்களைப் பொருத்தினார்கள். கேமராக்களின் படத்தைப் பதிவு செய்து வைக்க அப்போது வாங்கிய டிவிஆர் பெட்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆகவே, “புதிய எச்டி (உயர் தெளிவு) டிவிஆர் வாங்கிவிடலாமா?” என்ற கேள்வி பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்குழுவில் ஆண்டுதோறும் எழுகிறது. பெரும்பாலும், யாரோ ஒருவர் கொண்டுவரும் விலைப்பட்டியலை வைத்தே அந்தக் கேள்விக்கு விடை காணப்படுகிறது. அது சரியான வழி அல்ல. டிவிஆர் என்பது கேமரா, கேபிள், மின்சாரம், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றோடு சேர்ந்து இயங்கும் ஒரு கருவி. இவற்றில் எது பழுதாக இருந்தாலும் பழி பெட்டியின் மேல்தான் விழுகிறது. எனவே பெட்டியை மாற்றுவதற்கு முன், பழுது எங்கே இருக்கிறது என்று ஆற அமரப் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்குப் பொறியாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மாலையும், ஒரு ஏணியும், கணக்குப் போட ஒரு தாளும் போதும்.

பதிவு எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். வாசலில் யாரோ ஒருவர் வந்து போனார் என்று தெரிந்தால் போதுமா, வந்தவர் நமக்குத் தெரிந்தவரா என்று சொல்ல முடிய வேண்டுமா, அல்லது முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைக் காவல்துறை அடையாளம் காணும் அளவுக்குப் படம் வேண்டுமா? இந்த மூன்றும் வெவ்வேறு தேவைகள். இவற்றுக்கு ஆகும் செலவும் வெவ்வேறு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62676-4 என்னும் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. படத்தில் தெரியும் காட்சியின் அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 25 படப்புள்ளிகள் இருந்தால் ஆள் நடமாட்டத்தை அறியலாம். 125 இருந்தால் தெரிந்தவரை இன்னார் என்று சொல்லலாம். தெரியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250 வேண்டும்.

இதை நம் வீட்டு வாசலுக்குப் பொருத்திப் பார்ப்போம். கார் நுழையும் கேட்டும் பக்கத்து நடைவழியும் சேர்ந்து, கேமராவின் பார்வையில் 6 மீட்டர் அகலம் தெரிகிறது என்று கொள்வோம். பழைய அனலாக் பதிவில் படத்தின் அகலம் 704 புள்ளிகள். அதை 6ஆல் வகுத்தால் மீட்டருக்கு 117தான் வரும். இது 125க்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்காரர்களை ஓரளவு அடையாளம் தெரியும், வெளியாளைத் தெரியாது. 1080பி என்னும் முழு உயர் தெளிவுப் பதிவில் அகலம் 1920 புள்ளிகள். அப்போது மீட்டருக்கு 320 கிடைக்கிறது.

வண்டி எண்ணுக்கு இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகப் பொருந்தும். இருசக்கர வாகனத்தின் பின்பக்க எண் பலகை 20 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. அதில் எழுத்துகளும் எண்களும் இரண்டு வரிகளாக இருக்கும். பழைய பதிவில் அந்தப் பலகை முழுவதற்கும் 23 புள்ளிகள்தாம் கிடைக்கும். ஒரு வரியில் ஆறு எழுத்துகள் இருந்தால் எழுத்துக்கு நான்கு புள்ளிகள்கூடத் தேறாது. அந்த நான்கு புள்ளிகளில் 3க்கும் 8க்கும் வேறுபாடு காண்பது எந்தக் கண்ணாலும் ஆகாத காரியம். 1080பி பதிவில் எழுத்துக்குப் பத்துப் புள்ளிகள் கிடைக்கின்றன. பகல் வெளிச்சத்தில் படித்துவிடலாம். இரவில் முகப்பு விளக்கின் கூச்சமும் வண்டியின் வேகமும் சேர்ந்து இதையும் கெடுத்துவிடக்கூடும். ஆகவே வண்டி எண்தான் முக்கியம் என்றால், கேட்டின் அருகே தாழ்வாக, எண் பலகையை மட்டும் நெருக்கமாகப் பார்க்கும் தனிக் கேமரா ஒன்றைப் பொருத்துவதே சிறந்தது. ஒரே கேமராவைக் கொண்டு முகம், வண்டி எண், தெரு முனை என எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். படிக்கட்டு, லிஃப்டின் உட்புறம், தண்ணீர்த் தொட்டி போன்ற இடங்களில் காட்சியின் அகலமே இரண்டு மூன்று மீட்டர்தான். அங்கெல்லாம் பழைய தெளிவே போதுமானதாக இருக்கும். மாற்ற வேண்டிய கேமராக்கள் பெரும்பாலும் வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் மட்டுமே இருப்பதைக் காண்பீர்கள்.

இப்போது இருக்கும் பெட்டி உண்மையில் எதைப் பதிவு செய்கிறது?

பெட்டியின் முன்பக்கம் எச்டி என்று அச்சிட்டிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு மெனுவுக்குள் சென்று என்கோட் என்ற பகுதியில் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ஒவ்வொரு கேமரா இணைப்புக்கும், என்ன தெளிவு அமைந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே 960×576 என்றோ 704×576 என்றோ இருந்தால் அது பழைய அனலாக் தெளிவு. 1280×720 என்றால் நடுத்தரம். 1920×1080 என்றால் முழு உயர் தெளிவு. இவற்றுக்கு நடுவே 1080என் அல்லது 1080பி லைட் என்று ஒன்று உண்டு. வாங்குவோர் பலர் ஏமாறும் இடம் இதுதான். இதில் உயரம் 1080 புள்ளிகள் இருக்கும். ஆனால் அகலம் 960 மட்டுமே. அதாவது அகலவாக்கில் பாதித் தெளிவு போய்விடுகிறது. படத்தைப் பார்க்கும்போது பெட்டி அதை இழுத்து விரித்துக் காட்டுவதால் கண்ணுக்குக் குறை தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கரைந்துவிடும். விலை குறைந்த பெட்டிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. நாம் மேலே போட்ட கணக்கில் 1920க்குப் பதிலாக 960ஐ வைத்துப் பாருங்கள்: 6 மீட்டர் வாசலுக்கு மீட்டருக்கு 160தான் கிடைக்கும்.

அடுத்துக் கேமராக்கள். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றின் மேலும் இருக்கும் சீட்டைப் படியுங்கள். 700 டிவிஎல் என்பது போல இருந்தால் அது பழைய அனலாக் கேமரா. அதனோடு எவ்வளவு விலையுயர்ந்த டிவிஆரை இணைத்தாலும் படத்தில் ஒரு புள்ளிகூட அதிகரிக்காது. பழைய கேமராக்களை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றித் தருகிறேன், படம் பளிச்சென்று வரும் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சீட்டில் 2 எம்பி (மெகாபிக்சல்) என்றோ, ஏஎச்டி, டிவிஐ, சிவிஐ என்ற சமிக்ஞை வகைகளில் ஒன்றோ இருந்தால் அது உயர் தெளிவுக் கேமரா. இந்த மூன்று வகைகளையும் பழைய அனலாக்கையும், கணினி வலையமைப்பு வழியே படம் அனுப்பும் ஐபி கேமராக்கள் சிலவற்றையும் சேர்த்து ஏற்கும் பெட்டிகளைத்தான் கடைகளில் ஐந்து-ஒன்று என்று சொல்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. உயர் தெளிவுக் கேமராக்கள் பலவற்றின் வால் கேபிளில் சிறு பொத்தானோ சுவிட்சோ இருக்கும். அதைக் கொண்டு கேமராவின் வெளியீட்டைப் பழைய அனலாக்குக்கு மாற்ற முடியும். பழைய டிவிஆர் உயர் தெளிவை ஏற்காத இடங்களில், கேமரா பழுதானபோது புதியதை மாட்டியவர் அதை அனலாக்குக்கு மாற்றிவிட்டுப் போயிருப்பார். அப்படி இருந்தால் உங்கள் சுவரில் உயர் தெளிவுக் கேமரா ஏற்கெனவே இருக்கிறது. பெட்டிதான் தடையாக நிற்கிறது. இத்தகைய இடத்தில் பெட்டியை மாற்றுவது முழுக்க முழுக்கப் பயன் தரும் செலவு. கேமராக்கள் உயர் தெளிவாகவும் பெட்டி லைட் வகையாகவும் இருந்தாலும் இதே முடிவுதான்.

கேபிளையும் மின்சாரத்தையும் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளில், மொட்டை மாடியில் திறந்தவெளியில் கிடக்கும், கேபிளின் நுனியில் உள்ள பிஎன்சி இணைப்பு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றும் ஈரமும் பட்டு, நடுக்கம்பியைச் சுற்றிப் பச்சை படிந்திருக்கும். மேலுறையை லேசாக இழுத்தாலே பின்னல் கம்பி கறுத்துப் பொடியாக உதிரும். இத்தகைய இணைப்பின் வழியாகப் பழைய அனலாக் படம் கோடு கோடாகவாவது வந்து சேரும். உயர் தெளிவுச் சமிக்ஞை அவ்வளவு பொறுமை காட்டாது. வண்ணம் போகும், படம் விட்டு விட்டு வரும், பிறகு ‘வீடியோ இல்லை’ என்ற எழுத்துதான் திரையில் நிற்கும். படத்தைக் கொண்டுவரும் கோஆக்சியல் கேபிள் நல்ல தாமிரத்தாலானது என்றால் பழைய கேபிளிலேயே 1080பி ஓடும். இணைப்புகளை மட்டும் வெட்டிப் புதிதாகப் போட்டால் போதும். அலுமினியத்தின் மேல் தாமிர முலாம் பூசிய மலிவான கேபிள் என்றால், நீண்ட தூரக் கேமராக்களுக்குப் புதிய கேபிள் இழுக்க வேண்டியிருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவதைக் கொண்டு இதைக் கண்டுகொள்ளலாம்.

இதைத் தீர்மானிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சந்தேகத்துக்குரிய கேமராவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, டிவிஆருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய புதிய கேபிளில் இணைத்துப் பாருங்கள். படம் தெளிவாக வந்தால் கேமராவும் பெட்டியும் நலம். நோய் கேபிளில்தான் இருக்கிறது. அங்கேயும் மங்கலாக இருந்தால், அதே கேமராவை வேறொரு சேனலில் மாட்டிப் பார்த்து, கேமராவா பெட்டியா என்று பிரித்து அறியலாம். இந்தச் சோதனைக்குப் பின்னர், மாற்றியே ஆக வேண்டும் என்று நினைத்திருந்த பெட்டி பல வீடுகளில் தப்பித்துவிடும்.

மின்சாரத்துக்கும் இதே கவனம் வேண்டும். கேமராக்கள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. அதைத் தருவது எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி. பகலில் நன்றாக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இரவு விளக்குகளுக்குத் தேவைப்படும் கூடுதல் மின்சாரம் கடைசிக் கேமரா வரை போய்ச் சேராததுதான். நீண்ட மெல்லிய கம்பியில் வோல்ட்டேஜ் குறைந்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு அந்தக் கேமராவின் முனையில் மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 12க்கு வெகுவாகக் குறைந்திருந்தால் தேவை புதிய எஸ்எம்பிஎஸ்ஸும் தடித்த கம்பியும்தான். புதிய டிவிஆர் இந்தக் குறையைச் சற்றும் தீர்க்காது.

எத்தனை நாள் பதிவு வேண்டும்?

எச்டி பதிவுக்கு மாறியவர்கள் முதல் மாதத்திலேயே அதிர்ச்சி அடையும் இடம் ஹார்ட் டிஸ்க். பழைய பெட்டியில் ஒரு மாதப் பதிவு இருந்தது, புதியதில் ஒரு வாரம்கூட இல்லையே என்பார்கள். கணக்கு கடினமானதல்ல. ஒரு கேமராவின் பதிவு வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி இடம் பிடிக்கும். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 முறையில் 1080பி பதிவுக்கு 4 மெகாபிட் வைத்தால் நாளொன்றுக்கு 43 ஜிபி. எட்டுக் கேமராக்களுக்கு ஏறத்தாழ 346 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஆறு நாளைக்குக்கூடத் தாங்காது. அதற்குப் பின் வந்த எச்.265 முறை ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்கும் என்பதால், அந்த முறையில் அதே டிஸ்க்கில் பதினோரு நாள் வரை கிடைக்கும். எட்டுக் கேமராவுக்கு முப்பது நாள் பதிவு வேண்டும் என்றால், எச்.265 முறையிலும் 5 டிபிக்கு மேல் தேவை. அதாவது 6 டிபி டிஸ்க் வாங்க வேண்டும். உங்கள் பழைய பெட்டி எச்.264 மட்டுமே அறிந்ததாக இருந்து, உங்களுக்கு நீண்ட நாள் பதிவும் தேவை என்றால், பெட்டியை மாற்ற அது நியாயமான காரணம்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்தால் இடம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் நம் ஊரில் மழை நாளும், கேமரா விளக்கைச் சுற்றும் பூச்சிகளும், காற்றில் ஆடும் வேப்பங்கிளையும் அசைவாகவே கணக்கிடப்படும். மனிதரையும் வாகனத்தையும் மட்டும் பிரித்தறியும் வசதி புதிய பெட்டிகளில் வந்திருக்கிறது. அது எச்சரிக்கை ஒலிக்கு நன்று. வாசல் கேமராவைப் பொறுத்தவரை நாள் முழுவதும் தொடர்ந்து பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன். தேவைப்படும் அந்த அரை நிமிடம் பதிவாகாமல் போனால் மற்ற எல்லாச் சிக்கனமும் வீண்.

டிஸ்க் வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட வகையைக் கேளுங்கள். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இரவும் பகலும் இடைவிடாமல் எழுதும் வேலைக்குச் சாதாரணக் கணினி டிஸ்க் ஏற்றதல்ல. பெட்டி எத்தனை டிபி வரை ஏற்கும் என்பதையும் அதன் விவரக் குறிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றாமல் சரி செய்யக்கூடியவை

பெட்டி விட்டு விட்டுக் கூவுகிறது, பதிவு பாதியில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் டிஸ்க்தான் தேய்ந்திருக்கும்; டிஸ்க்கை மட்டும் மாற்றலாம். மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது என்றால், உள்ளே இருக்கும் சிறு பொத்தான் பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கும். அதன் விலை மிகக் குறைவு. கடிகாரம் தவறாக ஓடும் பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விசாரணையில் தொல்லைதான் தரும் என்பதால், இணைய நேரத்தோடு தானே ஒத்துக்கொள்ளும் அமைப்பை இயக்கி வையுங்கள். மின்விசிறி சத்தம் போட்டால் தூசியைத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். இந்தக் குறைகளுக்காகவெல்லாம் புதிய பெட்டி வாங்குவது தேவையற்ற செலவு.

ஆனால் சரி செய்ய முடியாத குறை ஒன்று உண்டு: பாதுகாப்பு. 2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு இணையதளப் பெயர்களை அவற்றின் முகவரிகளோடு இணைத்துத் தரும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் நடத்தப்பட்ட தாக்குதலில், உலகின் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. உங்கள் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்ற முடிகிறதா, தயாரிப்பாளர் இன்னும் மென்பொருள் புதுப்பிப்பு தருகிறாரா என்று பாருங்கள். பழைய பெட்டிகள் பல, கணினியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வழியாக மட்டுமே திறக்கும். அந்த உலாவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15 அன்றே நிறுத்திவிட்டது. கைபேசிச் செயலியும் வேலை செய்யாமல், புதுப்பிப்பும் வராமல், இணையத்தோடு இணைந்தே கிடக்கும் பெட்டி குடியிருப்புக்கு ஆபத்து. படம் போதுமானதாக இருந்தாலும் அதை மாற்றிவிடுவது நல்லது. மாற்றப் பணம் இல்லை என்றால் குறைந்தபட்சம் அதன் இணையக் கேபிளையாவது பிடுங்கிவிடுங்கள். பதிவு தொடர்ந்து நடக்கும்.

முழுதும் ஐபி கேமராவுக்கும், அவற்றுக்கான பதிவுப் பெட்டியான என்விஆருக்கும் மாறலாமா என்பது அடுத்த கேள்வி. புதிதாகக் கட்டும் வீட்டுக்கும், சுவரை உடைத்து வயரிங் மாற்றும் வேளையிலும் அதுவே முறையானது. கேபிள் நன்றாக இருக்கும் பழைய கட்டடத்தில் அதற்காக எல்லாவற்றையும் பிரிப்பது அகலக்கால் வைப்பதாகும்.

வாங்கும் இடத்தில்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் டிவிஆர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே சொல்லப்படும் விலையில் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சேராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பெட்டி, டிஸ்க், எஸ்எம்பிஎஸ், இணைப்புகள், பொருத்தும் கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு கடைகளை ஒப்பிட முடியாது. எட்டுச் சேனல் பெட்டி என்றால், எட்டுச் சேனலிலும் ஒரே நேரத்தில் 1920×1080 அளவில் நொடிக்கு எத்தனை படங்கள் பதிவாகும் என்று கேளுங்கள். அதிகத் தெளிவில் வேகம் குறைந்துவிடும் பெட்டிகள் உண்டு. பதினைந்து படம் என்பது வாசலுக்குப் போதுமானது. கடைக்காரர் வாய்ச்சொல்லாகச் சொல்வதை ஏற்காமல், விவரக் குறிப்பில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், அதன் கீழ் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும். கேமராக்களும் வாங்குவதாக இருந்தால் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிச் சான்று பெற்றிருக்க வேண்டும். பழைய சரக்கைக் குறைந்த விலைக்குத் தலையில் கட்டப் பார்ப்பவர்களிடமிருந்து தப்ப, அந்தச் சான்றைக் கேட்பதே போதும். ஜிஎஸ்டி ரசீதில் பெட்டியின் வரிசை எண்ணும் டிஸ்க்கின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உத்தரவாதம் கேட்டுப் போகும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரிடும்.

பதிவை எடுத்துத் தரும் வசதியையும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். ஒரு பென் டிரைவை எடுத்துச் சென்று, ஐந்து நிமிடப் பதிவை அதில் ஏற்றச் சொல்லி, அது சாதாரணக் கணினியில் ஓடுகிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரின் தனி மென்பொருளில் மட்டுமே ஓடும் வடிவில் தரும் பெட்டிகள் இருக்கின்றன. திருட்டு நடந்த மறுநாள் காலையில் காவலர் வந்து நிற்கும்போது இது பெரும் தலைவலியாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தரும்போது அதனோடு சான்றிதழ் ஒன்றும் தர வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும், கோப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறும் குறியீடான ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். இந்தக் காரணத்துக்காகவும், பெட்டியின் கடவுச்சொல் சங்கத்தின் செயலாளரிடமும் இன்னொரு பொறுப்பாளரிடமும் மட்டும் இருப்பது நல்லது. பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

எங்கே வைப்பது, எப்படிச் சோதிப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. ஆகவே புதிய பெட்டியைக் காவலாளி அறையின் மேசைக்கு அடியிலோ, மீட்டர் அறையின் தரையிலோ வைக்க வேண்டாம். முதல் மாடியில், காற்றோட்டம் உள்ள, பூட்டக்கூடிய அலமாரி சிறந்தது. காவலாளிக்குத் திரை மட்டும் கீழே இருந்தால் போதும். திருடர் பெட்டியையே தூக்கிச் செல்வதையும் இது தடுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி மின்னலில், மொட்டை மாடிக் கேமராவின் கேபிள் வழியே வரும் மின்பாய்ச்சல் பெட்டியின் சேனல்களை எரித்துவிடக்கூடும்; மாடியிலிருந்து வரும் கேபிள்களுக்கு மட்டுமாவது மின்னல் காப்பு போடச் சொல்லுங்கள். மின்வெட்டின்போது பெட்டி மட்டுமல்லாமல் எஸ்எம்பிஎஸ்ஸும் யுபிஎஸ்ஸோடு இணைந்திருக்க வேண்டும். பெட்டி ஓடிக்கொண்டிருக்க, கேமராக்கள் அணைந்து கிடக்கும் இணைப்புகள் எத்தனையோ உண்டு.

தெளிவு கூடும்போது எதிர் வீட்டு ஜன்னலும் தெளிவாகத் தெரியத் தொடங்கும் என்பதை மறக்கக் கூடாது. பிரைவசி மாஸ்க் என்ற வசதியால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிடலாம். அண்டை வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுவது இன்னும் நல்லது.

பொருத்தியவருக்கு மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு முழு இரவு கடக்கட்டும். இரவு பதினொரு மணிக்கு ஒருவரைக் கேட்டில் நிற்கவைத்தும், ஒரு இருசக்கர வண்டியை முகப்பு விளக்கோடு உள்ளே ஓட்டிவரச் செய்தும், மறுநாள் காலையில் அந்தப் பதிவை நேரடித் திரையில் அல்லாமல், பென் டிரைவில் எடுத்துப் பாருங்கள். நேரடித் திரையில் தெரியும் தெளிவு வேறு, டிஸ்க்கில் ஏறும் தெளிவு வேறு. முகமும் வண்டி எண்ணும் உங்கள் தேவைக்கு ஏற்ப வந்திருந்தால் மீதியைக் கொடுங்கள். இல்லையென்றால் கேமராவின் கோணத்தையும் பதிவு வேகத்தையும் மாற்றச் சொல்லி, அன்றிரவு மீண்டும் அதே சோதனையைச் செய்யுங்கள்.

பழைய பெட்டியை அன்றே எடைக்குப் போட்டுவிட வேண்டாம். அதில் இருக்கும் கடைசி மாதப் பதிவை யாராவது கேட்கக்கூடும் என்பதால், ஒரு மாதம் அதைத் தனியே பூட்டி வையுங்கள். அதன் பிறகு டிஸ்க்கை அழித்து, பெட்டியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.